நிற்கத் தெரிந்த வண்டி

வண்டி விற்போர் அது எவ்வளவு விரைவாக ஓடும் என்பதைச் சொல்கின்றனர். ஒரு லிட்டர் பெட்ரோலில் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதையும் சொல்கின்றனர். பிரேக்கைப் பிடித்தால் எவ்வளவு தொலைவில் நிற்கும் என்பதை அவர்கள் சொல்வதில்லை, வாங்குவோரும் கேட்பதில்லை. கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அதுவே என்பது என் கருத்து.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, உலர்ந்த நல்ல தார்ச்சாலையில், பிரேக்கு முழுமையாகப் பிடித்தபின் ஏறத்தாழ 5 மீட்டரில் நின்றுவிடும். வேகம் 60 ஆனால் அத்தொலைவு 10 மீட்டர் அன்று, 20 மீட்டர். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதை இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைப் பற்றுவதற்குள் கழியும் ஒரு நொடியில் வண்டி மேலும் 17 மீட்டர் ஓடிவிடும். மழை பெய்திருந்தால் இக்கணக்கு இன்னும் கொடியது.

அச்சத்தில் மனிதன் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கிறான். சக்கரம் சுழல்வதை நிறுத்திவிடுகிறது. வண்டியோ நிற்பதில்லை, சறுக்குகிறது. உருளும் சக்கரத்திற்குச் சாலையின்மீது உள்ள பிடிப்பு, சறுக்கும் சக்கரத்திற்கு இல்லை. அது மட்டுமன்று, சறுக்கும் முன்சக்கரத்தை எப்பக்கம் திருப்பினாலும் வண்டி அப்பக்கம் திரும்பாது. இதற்கு மாற்று கண்டவர்கள் முதலில் வானூர்திப் பொறியாளர்களே. 1950களில் தரையிறங்கும் வானூர்திகளில் 'மாக்சரெட்' என்னும் சறுக்கல் தடுப்புக் கருவி பொருத்தப்பட்டது. 1966இல் 'ஜென்சன் எஃப்.எஃப்.' என்னும் ஆங்கிலேய மகிழுந்து அதனை ஏற்றது. 1978இல் பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏ.பி.எஸ். கருவி மெர்சிடிஸ் பென்ஸின் உயர்விலை மகிழுந்தில் இடம்பெற்றது. சக்கரத்தின் அருகிலுள்ள உணரி அதன் சுழற்சியைக் கண்காணிக்கும். சக்கரம் நின்றுபோகும் நிலை வந்தால் ஓர் அடைப்பிதழ் பிரேக்கின் அழுத்தத்தைத் தளர்த்தி மீண்டும் இறுக்கும். ஒரு நொடிக்குள் இது பலமுறை நிகழும். எத்துணைத் தேர்ந்த ஓட்டுநரின் காலும் இதைச் செய்ய இயலாது.

நான்கு சக்கரங்களில் நிற்கும் மகிழுந்து சறுக்கினாலும் பெரும்பாலும் கவிழ்வதில்லை. இருசக்கர வண்டியின் முன்சக்கரம் இறுகினாலோ ஓட்டுபவர் கீழே விழுகிறார். ஆகவே இக்கருவி மிகுதியாகத் தேவைப்படுபவர் இருசக்கர வண்டியில் செல்பவரே. 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கும் மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடத்தில் நின்றது.

சட்டம் என்ன செய்தது? 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வகை வண்டிகளுக்கு 2018 ஏப்ரலிலும், அத்தகைய வண்டிகள் அனைத்திற்கும் 2019 ஏப்ரலிலும் ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. அதற்குட்பட்டவற்றிற்கு, ஒரு பிடியை அழுத்தினால் இரு சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும் இணைப்புப் பிரேக்கு போதும் என்றது விதி. அது பயனுடையதே, எனினும் சக்கரம் இறுகுவதை அது தடுப்பதில்லை. பால்காரரும் கட்டடத் தொழிலாளியும் கடைப்பணியாளரும் வாங்குவது பெரும்பாலும் இச்சிறு வண்டிகளைத்தான். விலை குறைந்த வண்டியில் செல்பவரின் உயிருக்குப் பாதுகாப்பும் குறைவு என்னும் இந்தப் பிரிவினையை என்னால் ஏற்க இயலவில்லை. எல்லா இருசக்கர வண்டிகளுக்கும் ஏ.பி.எஸ். வேண்டும் என்னும் வரைவு விதியை நடுவண் அரசு 2025இல் வெளியிட்டது, அவ்வழியே சரியானது.

விலை ஏறுமே என்பர். ஏறும், சில ஆயிரம் ரூபாய் ஏழைக்குச் சிறிய தொகையும் அன்று. ஆனால் 1997இல் நிகழ்ந்ததைப் பாருங்கள். சுவீடன் நாட்டு இதழ் ஒன்று, திடீரெனக் குறுக்கிடும் காட்டுமானைத் தவிர்ப்பதுபோல் வண்டியை இடமும் வலமும் வெட்டித் திருப்பும் சோதனையை நடத்தியது. மெர்சிடிஸின் புதிய சிறு மகிழுந்தான 'ஏ கிளாஸ்' அதில் கவிழ்ந்தது. நிறுவனம் அதன் அதிர்வுதாங்கிகளைத் திருத்தியது. அதனோடு, அதுவரை உயர்விலை வண்டிகளுக்கே உரியதாயிருந்த மின்னணு நிலைகாப்புக் கருவியை அச்சிறு வண்டிகள் அனைத்திலும் பொருத்தியது. பெருமளவில் செய்யப்படும் பொருளின் விலை இறங்கும். பின்னாளில் அக்கருவி சாதாரண மகிழுந்துகளுக்கும் வந்து சேர்ந்தது. பிரேக்குத் தொழிலுக்குப் பெயர்பெற்ற சென்னைப் பாடியைத் தன்னிடத்தே கொண்ட நாட்டில், செய்யும் திறன் இல்லை என்று சொல்வதற்கும் இடமில்லை.

மற்றொரு மறுப்பு இதனினும் வலியது. 1980களில் மியூனிக் நகர வாடகை மகிழுந்துகளில் ஒரு பகுதிக்கு மட்டும் ஏ.பி.எஸ். பொருத்தி ஆராய்ந்தனர். அவ்வண்டிகளின் விபத்துகள் குறையவில்லை! ஓட்டுநர்கள் வளைவுகளில் வெட்டித் திரும்பினர். முன்செல்லும் வண்டியை நெருக்கி ஓட்டினர். கருவி தந்த பாதுகாப்பை வேகமாக மாற்றிக்கொண்டனர். தளர்ந்த சரளைக் கற்களின்மேல் ஏ.பி.எஸ். உள்ள வண்டி சற்று அதிகத் தொலைவு ஓடி நிற்பதும் உண்டு. இவை கருவியை மறுப்பதற்கான காரணங்கள் அல்ல. ஓட்டுநர் உரிமத் தேர்வில் எட்டுப் போடுவதைப் பார்ப்பதோடு நில்லாமல், திடீரென நிறுத்தும் பயிற்சியையும் சேர்க்க வேண்டும் என்பதற்கான காரணங்கள்.

புதிய விதி எதுவரினும், இக்கருவி இல்லாத கோடிக்கணக்கான வண்டிகள் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். "முன்பிரேக்கைத் தொடாதே, விழுந்துவிடுவாய்" என்று சொல்லிக்கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. வேகம் குறையும்போது வண்டியின் எடை முன்சக்கரத்தின்மேல் சாய்கிறது. பின்சக்கரம் பிடிப்பை இழக்கிறது. பின்பிரேக்கை மட்டும் நம்புபவர், நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதியைக் கைவிடுகிறார். இரண்டையும் சேர்த்து, முன்பிரேக்கைப் படிப்படியாக அழுத்திப் பிடிப்பதை வெற்றுத் திடலில் குறைந்த வேகத்தில் பழகிக்கொள்ளலாம். வழுக்கையான டயரை மாற்றுவதும், நீர்மப் பிரேக்கில் ஈரத்தை உறிஞ்சிக் கெடும் எண்ணெயை ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பதும் எந்த அரசாணைக்கும் காத்திருக்க வேண்டியவை அல்ல.