கட்டணம் கட்டியவருக்குத்தான் கட்டாயக் கல்வியா?

2025 ஏப்ரல் கடைசியில் தொடங்கியிருக்க வேண்டிய ஆர்டிஇ (கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம்) சேர்க்கை, அக்டோபர் 6-ஆம் தேதிதான் தொடங்கியது. தாமதமானாலும் நடந்ததே என்று ஆறுதல் அடைய விடாமல் ஒரு விதியைச் செருகினார்கள். தனியார் பள்ளியில் ஏற்கெனவே எல்கேஜியிலோ ஒன்றாம் வகுப்பிலோ சேர்ந்து படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் மட்டும்தான் அந்த ஆண்டு 25 சதவீத இடங்களுக்குத் தகுதியானவர்களாம். அவர்களிடம் வாங்கிய கட்டணத்தைப் பள்ளிகள் ஏழு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டுமாம்.

ஜூன் மாதம் கையில் காசு வைத்திருந்தவர்தான் ஏழை என்று அரசே தீர்மானித்துவிட்டது!

கலசப்பாக்கத்துத் தறிவீடு ஒன்றை இந்த விதியோடு சேர்த்துப் பார்ப்போம். ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள், வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் தனியார் பள்ளி: தகுதியில் குறையில்லை. ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் வரிசையில் நின்று வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் வாங்கி வைத்தாயிற்று. அறிவிப்பு வரும் வரும் என்று மே போனது, ஜூனும் போனது. பள்ளியில் கேட்டால், இப்போதைக்குப் பணம் கட்டிச் சேருங்கள், பிறகு பார்க்கலாம் என்பார்கள். நெசவாளி எங்கே போவார்? சேலையை அறுத்து ஆரணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கூலி. அந்தக் கூலியிலும் பழைய முன்பணம் கழியும். மழை பிடித்தால் தெருவில் பாவு நீட்ட முடியாது, குழித்தறியில் ஈரம் ஏறும், அந்த வாரம் வருமானமே இல்லை. அவர் கட்டணம் கட்டவில்லை. பிள்ளை அங்கன்வாடிக்குப் போகிறது, அல்லது தார் சுற்றும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. முதலாளியிடம் மேலும் கடன்பட்டோ நகையை அடகு வைத்தோ கட்டியவருக்காவது பணம் திரும்ப வரும். இவர் விண்ணப்பம் போடவே முடியாது.

2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு, நலிந்த பிரிவுப் பிள்ளைகளைப் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும், செலவை அரசு ஈடுசெய்ய வேண்டும் என்கிறது. முதலில் பெற்றோர் கட்டட்டும் என்று அதில் எங்கே இருக்கிறது? நெசவாளி பிள்ளைக்கு அரசுப் பள்ளி போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அரசுப் பள்ளிக்காக இந்தத் தலையங்கப் பகுதி எத்தனையோ முறை வாதாடியிருக்கிறது. சட்டம் தந்த இடத்தைப் பறிப்பதற்கு அது சாக்காகாது.

டெல்லி செய்ததும் அடாவடிதான். பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காகக் கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை முடக்கி வைத்தது. ஆனால் நிதி வரவில்லை என்ற காரணத்தைச் சொல்லி மாநில அரசு தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஜூன் மாதமே சொல்லிவிட்டது. அன்றே கதவைத் திறந்திருந்தால் சேர்க்கை சேர்க்கையாக நடந்திருக்கும். கோட்டையில் இருந்தவர்களோ, டெல்லியிலிருந்து ஆர்டிஇ பங்கு வந்து சேரும்வரை அசையவில்லை. அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது எந்தப் பள்ளியில் புதுப் பிள்ளையைச் சேர்ப்பது என்ற சங்கடம் வந்தது. அதற்குக் கண்டுபிடித்த குறுக்குவழிதான் இந்த விதி. தங்கள் தாமதத்தின் விலையை நாலு வயதுப் பிள்ளை தலையில் கட்டிவிட்டார்கள்.

பிள்ளைகளின் நாட்காட்டி கோட்டைக்கு எப்போதுமே புரிந்ததில்லை. 1953-இல் கிராமத்துப் பிள்ளைக்கு அரை நேரம் பள்ளி போதும், மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். அந்தத் திட்டம் தறியை விட்டு எழ நினைத்த ஒவ்வொரு குடும்பத்தையும் மறுபடி குழிக்குள் தள்ளப் பார்த்தது. மறு ஆண்டே கைவிட வேண்டியதாயிற்று. 2011-இல் சமச்சீர் கல்வியை நிறுத்தப்போய், உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 9-இல் தீர்ப்பளிக்கும்வரை பாடப்புத்தகம் இல்லாமலே பிள்ளைகள் பள்ளிக்குப் போய்வந்தார்கள். 2019-இல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று மிரட்டி, 2020 பிப்ரவரியில், தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கும்போது வாபஸ் வாங்கினார்கள். ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின. கோப்பை நகர்த்தும் வேகம் மாறவில்லை. எவர் மீதும் நடவடிக்கை வந்ததாக நினைவில்லை. அப்படி வந்திருந்தால் இந்த அக்டோபர் சுற்றறிக்கையில் கையெழுத்துப் போடுவதற்கு முன் யாராவது ஒருவர் தயங்கியிருப்பார்.

விட்டுப்போன பிள்ளைகளுக்குப் பள்ளிக் கல்வித் துறை ஒரு வழி செய்தாக வேண்டும். டெல்லியோடு சண்டை இருக்கிறதோ இல்லையோ, இனி ஆண்டுதோறும் ஏப்ரலில் சேர்க்கை தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கினாலும் 2025-இல் காத்திருந்த பிள்ளைகளுக்குப் பயனில்லை. ஆர்டிஇ இடம் நுழைவு வகுப்புக்கு மட்டும்தான். 2026 ஜூனில் அவர்களுக்கு எல்கேஜி வயது தாண்டியிருக்கும்.