பிக்கப் இல்லையாம், பிக்கப்பு!

ஜிம்னி வாங்கினவரிடம் தெருவில் கேட்கப்படும் முதல் கேள்வி, "மைலேஜ் எவ்ளோ?" இரண்டாவது கேள்வியே கிடையாது, நேராகத் தீர்ப்புதான். "வண்டி சூப்பர் தலைவா... ஆனா பிக்கப் இல்லையே!"

கள்ளிக்குப்பத்தில் ஒருத்தர் அப்படி ஒரு வண்டி வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் பெருமை. இரண்டாவது வாரம் ஆபீஸ் பார்க்கிங்கில் டர்போ வண்டிக்காரர் ஒருத்தர் சிரிக்கிறார். மூன்றாவது வாரத்தில் இவரே எல்லோரிடமும் புலம்ப ஆரம்பித்துவிடுவார். "ஏமாந்துட்டேன் பாஸ், நாலு வீலும் இழுக்குதுல்ல, அதான் பவரைத் தின்னுடுது."

இந்த ஒரு புலம்பலில் எத்தனை தப்பு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வரும்.

முதலில் அந்த "நாலு வீலும் இழுக்குது". ஜிம்னி எந்நேரமும் நான்கு சக்கரத்தில் ஓடும் வண்டி இல்லை. சாதாரணத் தார் ரோட்டில் அது 2ஹெச்சில், பின்சக்கரம் இரண்டின் பலத்தில்தான் ஓடுகிறது. தேவைப்படும்போது பக்கத்துக் குட்டி லீவரை இழுத்தால்தான் முன்சக்கரமும் சேரும். காய்ந்த ரோட்டில் 4ஹெச் போட்டு வளைந்தால் ஷாஃப்ட்டெல்லாம் முறுக்கிக்கொள்ளும், கம்பெனி கையேடே வேண்டாம் என்கிறது. ஆக, அம்பத்தூர் ஓ.டி. சிக்னலில் வண்டி மெதுவாகக் கிளம்பினால் அந்தக் குற்றத்தை முன்சக்கரங்கள் மேல் போட முடியாது. அவை சும்மா உருண்டுகொண்டு வருகின்றன. எடை மட்டும் கூடவே வருகிறது என்பது உண்மை. லேடர் ஃபிரேம், டிரான்ஸ்ஃபர் கேஸ், கனமான ஆக்சில் எல்லாம் சேர்த்து சுமார் 1,200 கிலோ. அதற்கு மேல் தீப்பெட்டி மாதிரி உடம்பு, காற்றைக் கிழிக்காது, முட்டித் தள்ளும்.

(2022-ல் வந்த கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப் வேறு கதை. அதில் பின்சக்கரத்துக்கு எப்போது பலம் போகவேண்டும் என்று வண்டியே முடிவு செய்யும். ஆனால் அதற்கும் அதே 1,462 சி.சி. அளவு எஞ்சின், அதே புலம்பல்.)

சரி, எஞ்சினுக்கு வருவோம். சுமார் 105 குதிரைத்திறன், 134 நியூட்டன் மீட்டர் டார்க். இந்த டார்க் முழுசாகக் கிடைப்பது 4,000 ஆர்.பி.எம்.மில். குதிரைத்திறன் முழுசாக வருவது 6,000-ல். டர்போ இல்லை. மேலே சுற்றவிட்டால்தான் கொடுக்கும். நம்ம ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்? "சீக்கிரம் கியர் மாத்து, பெட்ரோல் மிச்சமாகும்." 35 கி.மீ. வேகத்திலேயே நாலாவது கியர்! எஞ்சின் 1,500, 2,000 ஆர்.பி.எம்.மில் முனகிக்கொண்டிருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பிளஸ் டூ இயற்பியல் போதும். திறன் என்பது டார்க்கையும் சுழலும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. 2,000 ஆர்.பி.எம்.மில் 134 நியூட்டன் மீட்டர் முழுசாகக் கிடைத்தாலும் அது வெறும் 38 குதிரைத்திறன். 4,000-க்குப் போனால் 76. அதாவது 105 குதிரைக்குப் பணம் கட்டிவிட்டு, 38 குதிரையை மட்டும் லாயத்திலிருந்து அவிழ்த்துவிட்டு, "வண்டி இழுக்கலை" என்று ஊரெல்லாம் சொல்வது. மூன்றாவது கியருக்கு இறங்கினால் மீதிக் குதிரைகள் வரும். இறங்கமாட்டார்கள், ஏனென்றால் எஞ்சின் கத்துகிறதாம். கத்தத்தான் செய்யும், அதற்குத்தான் செய்திருக்கிறார்கள்! ஆட்டோமேட்டிக் வாங்கியவர்கள் பாடு நிஜமாகவே கொஞ்சம் கஷ்டம். 2023-ல் வந்த வண்டிக்கு வெறும் நான்கு கியர் பெட்டி வைத்தது மாருதி செய்த கஞ்சத்தனம், அதில் வக்காலத்து வாங்க ஒன்றுமில்லை.

குதிரைத்திறன் என்றதும் பக்கத்து ஊர் ஞாபகம் வருகிறது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் செய்யப்படும் டி-90 பீஷ்மா டாங்கிக்கு 1,000 குதிரைத்திறன், எடை சுமார் 46 டன். டன்னுக்கு 22 குதிரைகூட இல்லை. ஜிம்னிக்கு டன்னுக்கு 87! டாங்கியைப் பார்த்து எவரும் பிக்கப் இல்லை என்று சொன்னதில்லை :-) அது எதற்குச் செய்யப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ராணுவத்தில் பல வருடம் ஓடிய மாருதி ஜிப்ஸி 1985-ல் வந்தபோது அதற்கு 970 சி.சி., வெறும் 45 குதிரைத்திறன். பின்னால் 1.3 லிட்டராகி 80 ஆனது, அவ்வளவுதான். அதற்கும் முந்தைய தாத்தா, 1970-ல் ஜப்பானில் வந்த முதல் ஜிம்னி, 25 குதிரைத்திறன்! இந்தக் குடும்பத்தில் யாருமே ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் கொடுத்ததில்லை.

இதெல்லாம் வேகத்துக்குப் பதிலாக எதைக் கொடுக்கின்றன? ஜிம்னியில் 4எல் போட்டால் பல்சக்கர விகிதம் இரண்டு மடங்கு ஆகிறது. சக்கரத்தில் கிடைக்கும் திருகுவிசையும் இரண்டு மடங்கு. சேற்றில், மலைத் தடத்தில், ஆட்டோ வேகத்தில் ஊர்ந்து ஏறுவதற்கு. காசு இதற்குத்தான் போயிருக்கிறது. வாங்கின நாள் முதல் அந்த லீவரைத் தொடாமல் செங்குன்றம் சாலையில் மட்டும் ஓட்டினால், சைக்கிளில் நீச்சல் அடிக்கப் போன கதைதான்.

அப்போ வேகம் குறைவாக இருப்பது ஆபத்து இல்லையா என்று கேட்பார்கள். "ஓவர்டேக் பண்ணும்போது உயிர் போயிடும் பாஸ்!" இதுதான் இந்தக் கூட்டத்தின் பெரிய ஆயுதம். கேட்க வேண்டிய கேள்விதான், ஏனென்றால் இதில் உயிர் இருக்கிறது.

ஊத்துக்கோட்டை பக்கம் ஒரு இருவழிச் சாலை. முன்னால் லாரி 50 கி.மீ. வேகத்தில். அதைத் தாண்டி மறுபடி இடப்பக்கம் வர, லாரியைவிட 40 மீட்டர் கூடுதலாகப் போகவேண்டும் என்று வைப்போம். விநாடிக்கு 3.6 கி.மீ. மட்டும் வேகம் கூட்டும் சோம்பேறி வண்டிக்கு இதற்கு 9 விநாடி. இரண்டு மடங்கு வேகமாகக் கூட்டும் வண்டிக்கு 6 விநாடி சொச்சம். எதிரே 60-ல் ஒரு பஸ் வந்தால், சோம்பேறிக்கு சுமார் 313 மீட்டர் காலி ரோடு வேண்டும், சுறுசுறுப்புக்கு 233. வித்தியாசம் 80 மீட்டர்.

80 மீட்டர் சின்ன விஷயம் இல்லைதான். ஆனால் மனுஷன் என்ன செய்வான்? 80 மீட்டர் மிச்சமானால் அதைப் பாதுகாப்பாகப் பையில் போட்டுக்கொள்வானா? 240 மீட்டர் இடைவெளி தெரிந்ததும் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிப்பான். சோம்பேறி வண்டிக்காரன் 320 வரும்வரை காத்திருந்த இடத்தில் இவன் 240-லேயே பாய்வான். மிச்சம் இருக்கும் ஓரம் இரண்டு பேருக்கும் அதே 7 மீட்டர். ஒரே வித்தியாசம், பாய்ந்தவன் எதிர் பஸ்ஸைச் சந்திக்கும்போது அவன் வேகம் 95, மற்றவன் வேகம் 82. தப்பினால் எது மோசம் என்று சொல்லத் தேவையில்லை.

இதைப் பொருளாதாரக்காரர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். சாம் பெல்ட்ஸ்மன் 1975-ல் எழுதிய கட்டுரை கார் பாதுகாப்புச் சட்டங்களைப் பற்றியது. பாதுகாப்பு கூடினால் ஓட்டுநர் அந்த லாபத்தைத் துணிச்சலாகச் செலவு செய்துவிடுகிறான் என்பது அவர் வாதம். எவ்வளவு செலவு செய்கிறான் என்பதில் இன்றும் சண்டை உண்டு. ஆனால் பிக்கப் விஷயத்தில் சண்டையே வேண்டாம், "பிக்கப் இருந்தா டக்குனு ஓவர்டேக் அடிக்கலாம்" என்று இவர்களே வாயால் சொல்கிறார்களே!

ஒரே ஒரு இடத்தில் இவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சூரப்பட்டு பக்கம் சர்வீஸ் ரோட்டிலிருந்து பைபாஸில் ஏறும்போது. அங்கே காத்திருக்க முடியாது, பின்னால் டிரெய்லர் வரும், அதன் வேகத்துக்கு ஈடுகொடுத்துத்தான் சேரவேண்டும். ஆனால் அதற்கும் மூன்றாவது கியரும் 4,000 ஆர்.பி.எம்.மும் போதும். நாலாவது கியரில் 40-ல் உருண்டு போய் நடு லேனில் ஏறிவிட்டு ஹார்ன் சத்தத்துக்கு எஞ்சினைத் திட்டக்கூடாது.

வரி விஷயத்திலும் புலம்ப நியாயம் உண்டு, ஆனால் அதைப் பற்றி மட்டும் யாரும் புலம்புவதில்லை. ஜி.எஸ்.டி. பார்ப்பது சி.சி.யையும் நீளத்தையும். குதிரைத்திறனை அது எண்ணுவதே இல்லை. பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.யைத் தாண்டிவிட்டால், 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். அதற்குள் நீளமும் 4 மீட்டருக்குள் இருந்தால் 18. நாலு மீட்டருக்கும் குறைவான ஜிம்னி, சி.சி.யால் மாட்டிக்கொண்டு, இரண்டு லிட்டர் டர்போ வண்டி கட்டும் அதே சதவீதத்தைக் கட்டுகிறது. கோபப்பட வேண்டுமென்றால் இங்கே படலாம்.

இதே வண்டி, குருகிராமில் செய்தது, இதே அளவு எஞ்சின், ஆட்டோமேட்டிக்கில் இதே நான்கு கியர், 2025 ஜனவரியில் நோமேட் என்ற பெயரில் ஜப்பானுக்குப் போனது. நான்கைந்து நாளில் சுமார் 50,000 ஆர்டர் குவிந்து, சுசூகி புக்கிங்கையே நிறுத்தியது. அங்கே ஏற்கெனவே ஓடும் குட்டி ஜிம்னிக்கு 64 குதிரைத்திறன்தான். இந்தியாவில் 2023 ஜூனில் 12.74 லட்சத்தில் ஆரம்பித்ததை, அதே வருடம் டிசம்பரில் ஸ்பெஷல் எடிஷன் என்று சொல்லி 10.74-க்கு இறக்கினார்கள். சேற்றுக்கு வாங்கினவன் அங்கே. சிக்னலில் முந்துவதற்கு வாங்கினவன் இங்கே.

இப்போது புதுசாக ஒரு வைத்தியம் கிளம்பியிருக்கிறது. "ரீமேப் பண்ணுங்க, சிப் போடுங்க, பறக்கும்." டர்போ இல்லாத எஞ்சினில் ரீமேப் செய்து கிடைப்பது சொற்பம், போவது வாரண்டி. அந்தக் காசுக்கு டயரைப் பார்க்கலாம், சர்வீஸைப் பார்க்கலாம், கொல்லிமலைக்குப் போய் அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாவது கியரில் ஏறிவிட்டு வரலாம்.

பிக்கப்தான் முக்கியம் என்பவர்கள் டர்போ வண்டியே வாங்கட்டும், யாரும் கையைப் பிடிக்கவில்லை. எது சரிப்படும் என்று கண்டுபிடிப்பதும் எளிது. டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூம் ஆள் கூட்டிப்போகும் காலித் தெரு வேண்டாம். ஏசியைப் போட்டு, நாலு பேரை ஏற்றி, சூரப்பட்டில் பைபாஸ் ஏறி, மூன்றாவது கியரில் ஒரு தடவை மிதித்துப் பார்க்கவேண்டும். பத்து நிமிஷ வேலை. அட்வான்ஸை அதற்கப்புறம் கட்டலாம்.