துருவுக்கு மேல் பவிசு

புதுச்சேரி உப்புக்காற்றில் என் பழைய மாருதிக்கு மறுபடி பெயின்ட் அடித்தேன். பளபளத்தது. ஒரே மழைக்காலம்தான், கதவடியில் கொப்புளம். சுரண்டினால் பட்டிக்குக் கீழே பழைய துரு அப்படியே இருக்கிறது!

பட்டறைக்காரரை மட்டும் ஏசமாட்டேன். ஆயுத பூஜைக்குள் வேண்டும் என்று விரட்டியவன் நான்.

துருவை உப்புத்தாளால் வெறும் தகடு தெரியும்வரை தேய்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தபின் கை படக்கூடாது. அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடிக்க வேண்டும். பட்டி ஈரம் குடிக்கும். அது துருவை மறைக்குமே தவிர நிறுத்தாது.

நான் படித்த பிரெஞ்சில் பிரைமருக்கு 'அப்ரே' என்று பெயர். ஆயத்தப்படுத்துவது என்ற சொல்லிலிருந்து வந்தது. நாமோ நிறத்துக்குப் பணம் கொடுப்போம், ஆயத்தத்துக்குப் பேரம் பேசுவோம்.

நண்பர்களே, பெயின்டுக்கு முன் வெறும் தகட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாத இடத்தில் வண்டியை விடாதீர்கள்.