அறிவுரையால் பெருகுவதில்லை மக்கள்தொகை

என் தாயார் ஏழு பிள்ளைகளைப் பெற்றார். நால்வர் மட்டுமே பிழைத்தோம். எனக்கு மக்கள் இருவர். என் மகளுக்கு ஒரே குழந்தை. செஞ்சியில் எங்கள் தெருவில் எந்த வீட்டில் விசாரித்தாலும் ஏறத்தாழ இதே கணக்கைத்தான் சொல்வார்கள்.

கல்லூரியில் பொருளியல் கற்பித்த காலத்தில், 'மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் வழிகள் யாவை?' என்ற வினாவைப் பல தேர்வுகளில் கேட்டிருக்கிறேன். இன்று அரசியல் மேடைகளில் ஒலிப்பது அதற்கு நேர் எதிரான குரல். 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு, குடும்பங்கள் கூடுதலாகக் குழந்தை பெற வேண்டும் என்றார். 2025 மார்ச்சில், முதல்வராக மு.க. ஸ்டாலின் புதுமணத் தம்பதியர் தாமதமின்றிக் குழந்தை பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டார்.

இக்குரலுக்குப் பின்னால் நியாயமான அச்சம் ஒன்று இருக்கிறது. மாநிலங்களுக்கான மக்களவை இடங்களின் எண்ணிக்கை 1971 கணக்கெடுப்பின் அடிப்படையில், 1976இல் 42ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தத்தால் நிலைநிறுத்தப்பட்டது. 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 ஆதார நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. தலைகளை மட்டும் எண்ணி இடங்களைப் பங்கிட்டால், தமிழகத்தின் 39 இடங்களுக்குரிய எடை குறையும். ஆயினும், அதற்குள் எத்தனை குழந்தைகள் பிறந்தாலும் மாநிலங்களுக்கிடையிலான விகிதம் மாறிவிடாது. அரசமைப்பு வழியே தீர்க்க வேண்டிய சிக்கலைப் பேறுகால அறைக்கு அனுப்புவதில் பயனில்லை.

பிறப்பு ஏன் குறைந்தது என்பதைப் புரிந்துகொண்டால் இது தெளிவாகும். முதலில் குறைந்தது இறப்பு. மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, 1971இல் தமிழகத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 2020இல் அது 13 ஆனது. பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகே குடும்பங்கள் சிறுத்தன. ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை அதே காலத்தில் 3.9இலிருந்து 1.4 ஆகக் குறைந்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இதை 1.8 என்கிறது. இரண்டில் எதை ஏற்றாலும், ஒரு தலைமுறையை அடுத்த தலைமுறை ஈடுசெய்யத் தேவையான 2.1க்கு அது கீழேதான்.

செல்வம் பெருகியதால் இது நேர்ந்தது என்று சொல்ல முடியாது. 2011 கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு 80 விழுக்காடாக இருந்தபோது, எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் அது 72 விழுக்காடுதான். வானத்தையும் ஏரியையும் நம்பி நெல்லும் மணிலாவும் பயிரிடும் ஊர்கள் இவை. இங்கும் குடும்பங்கள் சிறுத்தன. 1982இல் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவுத் திட்டம் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஈர்த்தது. ஆரம்ப சுகாதார நிலையமும் கிராமச் செவிலியரும் பேறுகால ஆபத்தைக் குறைத்தனர். பெண் படித்தாள், திருமண வயது உயர்ந்தது. தலைமுறைதோறும் துண்டான நிலத்தில் இன்னொரு பங்குக்கு இடமில்லை. பிள்ளை வயலில் உழைக்கும் கையாக இருந்த நிலை மாறி, கல்விச் செலவாக மாறியது.

அரசின் குடும்பக் கட்டுப்பாட்டு முயற்சிக்கும் பங்குண்டு. ஆனால் அதன் சுமையை யார் தாங்கினர்? மேற்சொன்ன குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் மணமான, மகப்பேற்று வயதிலுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையை நம்பியிருப்போர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 'போதும்' என்று நேற்று யாரிடம் சொன்னோமோ, அவர்களிடமே 'இன்னும்' என்று இன்று கேட்கிறோம்.

அறிவுரை பலிக்காது என்பதற்குத் தமிழர் நன்கறிந்த சிங்கப்பூரே சான்று. 1972இல் 'இரண்டோடு நிறுத்துங்கள்' என்ற அந்நாட்டு அரசு, 1987இல் வசதியுள்ளோர் மூன்றோ அதற்கு மேலோ பெறலாம் என்று மாற்றிச் சொன்னது, ஊக்கத்தொகைகளும் தந்தது. 2023இல் அங்குப் பிறப்பு விகிதம் 0.97. பெரும் பொருள் செலவிட்ட தென்கொரியாவில் அதே ஆண்டு 0.72. வேலையையும் குழந்தையையும் ஒருசேரத் தாங்க முடியாத பெண், ஊக்கத்தொகைக்காகத் தன் முடிவை மாற்றுவதில்லை.

உடனடியாக நாம் எதிர்கொள்ள வேண்டியது முதுமை. மத்திய அரசின் வல்லுநர் குழு 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, தமிழகத்தில் 60 வயதைக் கடந்தோரின் பங்கு 2021இல் 13.6 விழுக்காடு, 2031இல் 18.2 விழுக்காடாகும். அதாவது ஏறத்தாழ ஐவரில் ஒருவர். செஞ்சி போன்ற ஊர்களில் இதனுடன் இடப்பெயர்வும் சேர்கிறது. இளையோர் சென்னைக்கும் பெங்களூருக்கும் புதுச்சேரிக்கும் போகின்றனர். வீட்டில் எஞ்சுவது வயது முதிர்ந்த இணை, பிறகு தனித்த ஒருவர். பெரும்பாலும் அந்த ஒருவர் கைம்பெண்ணே. நான்கு பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட கடமையை ஒரே மகள், அதுவும் தொலைவில் இருந்தபடி, எப்படிச் சுமப்பாள்? 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட மாத ஓய்வூதியம் மருந்துக்கே போதாது.

செய்ய வேண்டியவை மூன்று. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதற்காகத் தண்டிக்கப்படாத ஓர் ஏற்பாட்டை நாடாளுமன்றம் காண வேண்டும். முதியோர் பராமரிப்பை வீட்டுக்குள் பெண்கள் ஊதியமின்றிச் செய்யும் பணியாக விட்டுவிடாமல், பொதுச் சுகாதாரத்தின் பகுதியாக்க வேண்டும். வேலைக்குச் செல்லும் பெண்களுக்குக் குழந்தைகள் காப்பகம், இங்கு வந்து உழைக்கும் வட மாநிலத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பள்ளி ஆகியவற்றை உறுதிசெய்ய வேண்டும். நாளைய தமிழகத்தின் உழைப்பாளர்களில் அப்பிள்ளைகளும் இருப்பார்கள்.

2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற எங்கள் கோட்டையைக் காண இப்போது பலர் வருகின்றனர். அங்குள்ள நெற்களஞ்சியத்தைப் பார்க்கத் தவறாதீர்கள் என்று அவர்களிடம் சொல்வேன். முற்றுகை தொடங்கிய பிறகு நெல் சேர்க்க முடியாது. முதுமைக்கான ஏற்பாடும் அப்படித்தான்.