ஐந்து சரி, ஆறாவது?



கணக்கு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2-ஐ 2-ஆல் பெருக்கினால் 4. 4-ஐ 4-ஆல் பெருக்கினால் 16. இப்படியே ஒவ்வொரு விடையையும் அதே எண்ணால் பெருக்கினால் 256, 65536 என்று வளரும். இப்போது 2, 4, 16, 256, 65536 ஆகிய ஐந்துடனும் 1-ஐக் கூட்டுங்கள். 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்துமே பகா எண்கள். அதாவது, 1-ஆலும் அதே எண்ணாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுபவை.

ஆறாவது எண் எது? 65536-ஐ 65536-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டினால் 4294967297. அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297! இதுவும் பகா எண்தானா?

இந்த வரிசையில் வரும் எல்லா எண்களும் பகா எண்களே என்று நம்பினார், பிரான்ஸ் நாட்டின் கணித மேதை ஃபெர்மா. 1640-ல் கடிதத்திலும் எழுதினார். அதற்கான நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை.

நமக்கும் அப்படித்தான் தோன்றும். இது ஒற்றைப்படை எண், 2-ஆல் வகுபடாது. கடைசி இலக்கம் 7. எனவே 5-ஆல் வகுபடாது. இலக்கங்களின் கூடுதல் 59; எனவே 3-ஆலும் வகுபடாது. 7, 11, 13 என்று வகுத்துப் பார்த்தாலும் மீதி வந்துகொண்டே இருக்கும்.

92 ஆண்டுகள் கழிந்தன. 1732-ல், 25 வயது இளைஞரான ஆய்லர், அந்த எண் 641-ஆல் மீதியின்றி வகுபடுவதைக் கண்டுபிடித்தார்! 641 × 6700417 = 4294967297. ஆகவே அது பகா எண் அல்ல, பகு எண்.

ஆய்லர் பிறகு ஒரு குறுக்குவழியையும் விளக்கினார். இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். அப்படியானால் 193, 257, 449, 577, 641 என்று ஐந்தே எண்களைச் சோதித்தால் போதும். யோசித்தால் உழைப்பு எவ்வளவு மிச்சமாகிறது, பார்த்தீர்களா?

ஃபெர்மாவின் வரிசையில் 65537-க்குப் பிறகு ஒரு பகா எண்கூட இன்றுவரை கிடைக்கவில்லை.

ஊகிப்பது தவறில்லை, குழந்தைகளே. ஊகத்தில்தான் கணிதமே தொடங்குகிறது. ஆனால் ஐந்து முறை சரியாக வந்தது என்பதற்காக ஆறாவது முறையும் சரியாக வந்தாக வேண்டும் என்பதில்லை. சொன்னவர் பெரியவர் என்பதும் நிரூபணம் ஆகாது. முதல் மாணவனின் நோட்டில் இருக்கும் விடையானாலும், கைபேசியில் வரும் செய்தியானாலும், சோதித்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள். "எப்படி?" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

நான் எழுதியிருப்பதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 6700417-ஐ 641-ஆல் நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்!