தாம்பாளத்து ஆசிரியை

செனகல் கிராமத்து வீடுகளில் தங்கிப் படித்துவிட்டுத் திரும்பும் அமெரிக்க மாணவர்கள் பலர் ஒரே பல்லவியைப் பாடுகிறார்கள்: ‘ஒன்றுமில்லாமலே எவ்வளவு மகிழ்ச்சி!’ எரிச்சலாக இருக்கிறது. கம்பு இடிப்பதும் கிணற்றில் நீர் இறைப்பதும் மகிழ்ச்சிக்காக அல்ல, வேறு வழியில்லாமல். அதைச் செய்யும் வீட்டுப் பெண்தான் அங்கே உண்மையான ஆசிரியை. பிரெஞ்சு எடுபடாத இடத்தில் வொலோஃப் மொழி பேசப் பழக்குவது அவர். ஒரே சோற்றுத் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தால், தன் முன்னிருக்கும் பங்கைத் தாண்டிக் கைநீட்டக் கூடாது என்று காட்டுவதும், நடுவிலுள்ள மீனைப் பிய்த்து விருந்தாளி பக்கம் தள்ளுவதும் அவர்தான். (அந்த மீன்சோறு, செபு ஜென், 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது, சமைப்பவர் எந்தப் பட்டியலிலும் இல்லை.) மாணவர்களை அனுப்பும் பல்கலைக்கழகங்களே, அந்த வீட்டுக்குச் சாப்பாட்டுச் செலவைத் தருவதோடு நிறுத்தாதீர்கள், அவருக்கு ஆசிரியர் சம்பளம் கொடுங்கள்.