இருக்கை தராத கனிவு

பணியாளரின் முகவாட்டத்தைக் கண்டதும் அவருடைய மனத்தை அறிந்துகொள்வதே நல்ல தலைமைக்கு இலக்கணம் என்கின்றனர். ‘உணர்வுசார் நுண்ணறிவு’ என்பது அதன் பெயர். 1990-இல் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் அதனை வரையறுத்தனர். 1995-இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் அதனை உலகெங்கும் பரப்பியது. மேலாளர்களுக்கு இதில் பயிற்சி வகுப்புகளும் நடைபெறுகின்றன. நன்று. ஆனால், பிறர் நோவை அறிந்தும் அதனைத் தீர்க்க முன்வராத அறிவை என்னென்பது?

நாம் கண்டு பழகிய துணிக்கடைகளை எண்ணிப் பாருங்கள். சேலை எடுக்கச் சென்ற நாம் அமர்ந்திருந்தோம். எடுத்துக் காட்டிய பெண்ணோ கடை திறந்தது முதல் கதவடைக்கும்வரை நின்றுகொண்டிருந்தாள். முதலாளி அவளைப் பெயர் சொல்லி அழைத்தார். தீபாவளிக்கு இனிப்பும் புத்தாடையும் கொடுத்தார். “நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்றார். அவளுடைய கால்கள் வீங்கியிருந்ததையும் அவர் அறியாதவர் அல்லர். எனினும், ஒரு முக்காலி வாங்கிப் போட அவருக்கு மனம் வரவில்லை!

அதனைப் பெற்றுத் தந்தது கனிவு அன்று, போராட்டமும் சட்டமுமே. கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியான விஜியும் ‘பெண்கூட்டு’ அமைப்பினரும் ஆண்டுக்கணக்கில் போராடினர். 2018-இல் கேரளம் கடைப் பணியாளரின் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021-இல் தமிழ்நாடும் தன் 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்னும் பிரிவைச் சேர்த்து, பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி வேண்டும் என விதித்தது.

“வாடிக்கையாளர் வரும்போது பணியாளர் உட்கார்ந்திருப்பது மரியாதையாகுமா?” என்று கேட்போர் உண்டு. ஒருவரின் கால்வலியின்மீது எழுப்பப்படும் மரியாதை நமக்கு எதற்கு? அதனை எதிர்பார்த்த நாமும் அக்குற்றத்தில் பங்காளிகள் அல்லமோ?

நீதியின்றிக் காட்டப்படும் பரிவு வெறும் நாகரிகப் பூச்சு. பணியாளரின் மனத்தைப் படித்து, அவர் எதிர்த்துப் பேசாதபடி இன்சொல்லால் அடக்கிவைப்பதற்கும் அதே நுண்ணறிவு பயன்படும் என்பதை மறத்தலாகாது.

அப்படியானால் உணர்வுசார் நுண்ணறிவு வேண்டாமா? வேண்டும், ஆனால், அது நீதிக்கு ஈடாகாது. சட்டம் இருக்கையைத் தரும். அதில் அமரும் துணிவைத் தராது. மேற்பார்வையாளரின் முகக்குறிப்புக்கு அஞ்சி, வெற்று இருக்கைக்கு அருகிலேயே நிற்பவர்களும் இருக்கலாம். அவ்வச்சத்தை உணர்ந்து, “உட்காரம்மா” என்று முதலில் சொல்பவரே தலைவர். வாங்க வந்த நாமும் அச்சொல்லைச் சொல்லலாமே!